நாயோடு ஆஸ்திரேலியக் கடலோரச் சாலையில்: அறிகுறியைப் பார்த்துத் தொல்லையைக் கண்டறியும் வழி

மெல்பர்னிலிருந்து பிரின்சஸ் நெடுஞ்சாலை வழியாகச் சிட்னிக்கும், அங்கிருந்து பசிபிக் நெடுஞ்சாலையில் பிரிஸ்பேனுக்கும் நாயை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு நேரும் தொல்லைகள் பெரும்பாலும் ஒரே பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன. எங்கள் நாய்க்கும், உடன் வரும் நண்பர் வீட்டு நாய்களுக்கும் ஒவ்வொரு கோடையிலும் அதே வாந்தி, அதே நொண்டல், அதே தடைப்பலகை. அவற்றை மீண்டும் மீண்டும் சரிசெய்ததில் உருவான வரிசை இது. ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத எளிய காரணம் முதலில் வரும். மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காரணம் கடைசியில் வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று சோதனைகளைச் செய்துவிட வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகாது. உதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். நிழலில் படுத்து ஓய்வெடுக்கும் நாயின் மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டாமல், வயிற்றை இழுத்துப்பிடிக்காமல் இருக்க வேண்டும். பத்து அடி தூரம் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்க்கும்போது பின்னங்கால்கள் நேராக விழ வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கீழே சொல்லியிருக்கும் எளிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கொண்டிருக்கக் கூடாது. நேரே அந்தப் பகுதியில் மருத்துவமனைக்குப் போகச் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும். பின்னங்கால் தள்ளாட்டம் மட்டும் என்றால், அதற்கெனத் தனியே உள்ள பகுதியின் கிளைகளைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கடலோரச் சிற்றூர்களில் 24 மணி நேர விலங்கு மருத்துவமனை அரிது. கேன் ரிவருக்கும் ஈடனுக்கும் இடையிலான காட்டுச் சாலையில் கைபேசித் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அன்றன்று போகும் வழியில் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அதன் எண் என்ன என்பதைக் காலையிலேயே தாளில் எழுதி வண்டியில் வைத்துவிடுவது நல்லது.

## வண்டி ஓடும்போது எச்சில் வடிகிறது, வாந்தி எடுக்கிறது

வயிறு நிறைந்திருப்பதே முதல் காரணம். புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன்பே உணவை முடித்துவிட்டு, தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பாதி நாய்களுக்கு இது நின்றுவிடும்.

அடுத்தது பாதை. கிரேட் ஓஷன் ரோட்டில் லோர்னிலிருந்து அப்பல்லோ பே வரையிலான வளைவுகளில் மனிதர்களுக்கே தலை சுற்றும். அந்தப் பகுதியை வேகம் குறைத்து, இடையில் இரண்டு முறை நிறுத்தி, கண்ணாடியைச் சிறிது இறக்கிக் கடக்க வேண்டும். நாயின் மார்புப்பட்டையைப் பின்னிருக்கையின் நடுவே, முன்னோக்கிப் பார்க்கும்படி இருக்கைப்பட்டையோடு பூட்டினால் குலுக்கலும் குறையும். வாந்தி எடுக்கிறதே என்று இரக்கப்பட்டு ஓட்டுநர் மடியில் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு.

வண்டி கிளம்புவதற்கு முன்பே நாய் நடுங்கி எச்சில் வடித்தால் அது வளைவினால் வந்ததன்று, பயத்தினால் வந்தது. அதற்கு உணவு நேரத்தை மாற்றிப் பயனில்லை. பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே, நிறுத்திய வண்டியில் உட்கார வைப்பதில் தொடங்கிச் சிறு சிறு ஓட்டங்களாகப் பழக்க வேண்டும். இரண்டும் பலிக்காத நாய்களுக்கு மரோபிட்டன்ட் என்ற வாந்தித்தடுப்பு மாத்திரையைக் கால்நடை மருத்துவர் எழுதித் தருவார். மனிதர்களுக்கான பயண மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வேண்டாம்.

மருத்துவரை அழைக்க வேண்டிய இடம்: வண்டி நின்று ஒரு மணி நேரம் கடந்த பிறகும் வாந்தி தொடர்வது; வெளியே எதுவும் வராமல் குமட்டிக்கொண்டே இருப்பதும் வயிறு உப்பிக் கல்லாவதும். இரண்டாவது, இரைப்பை முறுக்கிக்கொண்டதற்கான அடையாளம். அகன்ற மார்புள்ள பெரிய நாய்களில் வரும், அறுவை சிகிச்சை தவிர வேறு வழி இல்லை, சில மணி நேரமே அவகாசம்.

## பின்னங்கால் தள்ளாடுகிறது

கிழக்குக் கடற்கரையில் இதைவிட முக்கியமான அறிகுறி கிடையாது. சாதாரண அலுப்பும் உயிரைப் பறிக்கும் உண்ணி விஷமும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தெரிவதால், கீழே உள்ள கிளைகளை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

### நாள் முழுதும் மணலில் ஓடிய பிறகு, எழும்போது மட்டும் தள்ளாட்டம்

இளகிய மணலில் ஓடுவது நாயின் தசைகளுக்குக் கடும் வேலை. படுத்து எழுந்தவுடன் விறைப்பாக நாலடி வைத்துப் பிறகு இயல்பாக நடந்தால், அலுப்பு என்று கொள்ளலாம். ஒரு நாள் ஓய்வு போதும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற மனித மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது. இரண்டுமே நாய்க்கு நஞ்சாகலாம்.

அலுப்புக்கு ஓர் இலக்கணம் உண்டு: நடக்க நடக்கக் குறையும். நடக்க நடக்கக் கூடினால் அது அலுப்பன்று.

### மக்கடேமியா தின்ற வாய்ப்பு இருந்தால்

பாலினா, லிஸ்மோர் பகுதியிலும் மேலே பண்டபெர்க்கிலும் மக்கடேமியாத் தோட்டங்கள் சாலையோரம் நெடுகிலும் உள்ளன. அந்தக் கொட்டை போட்ட பிஸ்கட்டும் கேக்கும் எல்லாத் தேநீர்க் கடைகளிலும் விற்கப்படுகின்றன. மனிதர்களுக்கு நல்ல உணவாகிய இது நாய்க்கு ஆகாது. தின்று 12 மணி நேரத்துக்குள் பின்னங்கால் தளர்ந்து, நடுக்கமும் வாந்தியும் வரலாம். பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளில் தாமே தேறிவிடுகின்றன. ஆனால் தின்றதைக் கண்ணால் பார்த்திருந்தாலோ, கிழிந்த பொட்டலம் கையில் கிடைத்திருந்தாலோதான் இந்தக் காரணத்தை ஏற்க வேண்டும். 'தின்றிருக்கும்' என்ற ஊகத்தில் ஓர் இரவைக் கடத்திவிட்டால், அடுத்து வரும் காரணத்துக்கு வைத்தியம் பார்க்க நேரம் போய்விடும்.

### இரண்டும் இல்லையென்றால்: உண்ணி

பாரலிசிஸ் டிக் என்று இங்கே எல்லோரும் சொல்லும் உண்ணி, வடக்கு குயின்ஸ்லாந்திலிருந்து விக்டோரியாவின் லேக்ஸ் என்ட்ரன்ஸ் வரை கடலோரப் பட்டையில் வாழ்கிறது. அதாவது இந்தப் பயணத்தின் பெரும்பகுதி அதன் ஊர் வழியாகத்தான் போகிறது. பாண்டிகூட் போன்ற காட்டு விலங்குகளின் உடலில் தொற்றி, அவை நடமாடும் புதர்களிலும் ஈரமான புல்லிலும் காத்திருக்கும். வசந்தகாலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் மிகுதி. மற்ற மாதங்களில் இல்லை என்று நம்பியிருக்க முடியாது.

அது கடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நாள் கழித்தே விஷம் வெளிப்படும் என்பதால், மெரிம்புலாவில் ஏறிய உண்ணி போர்ட் மக்குவாரியில் வந்து காலைத் தள்ளாட வைக்கும். 'இன்று புதரில் விடவே இல்லையே' என்று எண்ணி உண்ணியை விலக்கிவிடுவது, கடந்த பயணங்களில் நான் பலரிடமும் கேட்ட தவறான கணக்கு.

சோதனை இப்படி:

குரைப்பைக் கேளுங்கள். குரல் கரகரத்தோ மெலிந்தோ மாறியிருந்தால், தள்ளாட்டத்தோடு அதையும் சேர்த்து உண்ணி என்றே முடிவு செய்யலாம். வாயில் எச்சில் தேங்குவது, தின்றதை அப்படியே கக்குவது, மூச்சை விடும்போது உறுமல் போன்ற ஒலி எழுவது ஆகியவை அடுத்த படிகள்.

பிறகு தேடுங்கள். கண்ணைவிட விரல் நுனி நம்பகமானது. மூக்கிலிருந்து தொடங்கி, உதட்டின் உள்பக்கம், காதுக்குள், தாடை, கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு அதன் அடி, தோள், அக்குள் என்று முடியின் எதிர்த்திசையில் தடவிக்கொண்டே வர வேண்டும். பெரும்பாலும் முன்னுடலில்தான் அகப்படும். ஆனாலும் கால் விரலிடுக்கையும் வாலடியையும் விடக் கூடாது. இரத்தம் குடித்துப் பருத்தது ஆமணக்கு விதை போலச் சாம்பல் நிறத்தில் புடைத்திருக்கும். முதல் இணைக் காலும் கடைசி இணைக் காலும் கருமையாக, நடுவில் உள்ளவை வெளிறி இருந்தால் ஐயம் தேவையில்லை. உண்ணி விழுந்துவிட்டிருந்தால் அது கடித்த இடத்தில் நடுவே குழிந்த தடிப்பு மட்டும் கிடைக்கும், அதுவும் ஆதாரமே.

கிடைத்தால் உண்ணி எடுக்கும் கொக்கியாலோ மெல்லிய இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து எடுத்துவிடலாம். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், தீக்குச்சி ஆகியவை வேண்டாம். எடுத்ததை ஒரு சிறு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் காட்ட வைத்துக்கொள்ளவும். ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்தக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது இருக்கக்கூடும்.

உண்ணியை எடுத்ததோடு முடிந்தது என்று எண்ணக் கூடாது. ஏறிவிட்ட விஷம் அதன் பிறகும் ஓரிரு நாள் வேலை செய்துகொண்டே இருக்கும். எனவே தள்ளாட்டம் தொடங்கிவிட்ட நாயை, உண்ணி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்து, உண்ணி விஷத்துக்கான ஆன்டிசீரம் இருப்பில் உள்ளதா, இரவில் நாயைக் கண்காணிக்க ஆள் இருப்பார்களா என்ற இரண்டையும் கேட்கவும். இல்லை என்றால் அருகிலுள்ள ஊரைவிடச் சற்றுத் தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனையே மேல். விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கும் என்பதால் வழியில் தண்ணீரோ உணவோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். ஓடவிடாமல், வெயிலும் புழுக்கமும் படாமல், தலை உடலைவிடத் தாழாமல் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும்.

செலவு சில ஆயிரம் டாலர் வரை எளிதாகப் போகும். மூச்சுக்கருவி தேவைப்பட்டால் அதற்கும் மேல். காப்பீடு எடுத்திருப்பவர்கள் உண்ணிச் சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு உள்ளதா என்று முன்பே பார்த்துவிடுவது நல்லது. இத்தனைக்கும் மாற்று, மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் தடுப்பு மாத்திரை. வாங்கும்போது அட்டையில் பாரலிசிஸ் டிக் என்று தனியே குறிப்பிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்கவும். தெள்ளுப்பூச்சிக்கு மட்டுமான மருந்துகளும் அதே அலமாரியில்தான் இருக்கும். மாத்திரை கொடுத்திருந்தாலும் தினமும் ஒரு முறை தடவிப் பார்ப்பதை விடக் கூடாது.

### திடீரென விழுந்து, உடனே எழுந்து, பிறகு தள்ளாடினால்

பாம்புக்கடியை நினைக்க வேண்டும். ஈஸ்டர்ன் பிரவுன், டைகர், சிவப்பு வயிற்றுக் கறுப்புப் பாம்பு ஆகிய மூன்றும் இந்தக் கடலோரத்தில் உண்டு. மணல்மேட்டுப் புற்களும் நடைபாதை ஓரங்களும் அவை வெயில் காயும் இடங்கள். கடிபட்ட நாய் ஒரு முறை சரிந்து விழுந்து, சில நிமிடத்தில் ஒன்றும் நடக்காததுபோல எழுந்துவிடலாம். அந்தத் தேறுதல் பொய். பிறகு கண்மணி விரியும், வாந்தி வரும், சிறுநீரில் இரத்த நிறம் தெரியலாம். கடிவாயைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனையை அழைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். பாம்பைப் பிடித்து அடையாளம் காட்டத் தேவையில்லை.

### கடற்கரையில் செத்த மீனைத் தின்ற பிறகு தளர்ந்தால்

பேத்தை மீன்கள் பல கடற்கரைகளிலும் ஒதுங்கிக் கிடக்கும். தூண்டில்காரர்கள் அகப்பட்டதைப் பிடுங்கி மணலிலேயே எறிந்துவிட்டுப் போவதும் வழக்கம். அதன் நஞ்சு தசைகளை முடக்கி மூச்சை நிறுத்திவிடக்கூடியது. முறிவு மருந்து கிடையாது, மூச்சைத் தாங்கிப்பிடிக்கும் சிகிச்சை மட்டுமே உண்டு. தின்றதைப் பார்த்த மாத்திரத்தில், தளர்ச்சி தெரியும் வரை காத்திராமல், மருத்துவரை அழைக்க வேண்டும்.

## மூச்சிரைப்பு அடங்கவில்லை

ஓடிக் களைத்த நாயின் மூச்சிரைப்பு, நிழலும் தண்ணீரும் கிடைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கத் தொடங்கும். அடங்கினால் அன்றைய நடையை மாலைக்குத் தள்ளிவைத்தால் போதும். பக், ஃபிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்தப் பொறுமை ஆகாது. அவற்றுக்கு ஐந்து நிமிடமே மிகுதி.

அடங்காவிட்டால் ஈற்றைப் பார்க்கவும். செங்கல் நிறத்தில் சிவந்திருந்தாலோ, எச்சில் கெட்டியாகி நூலாகத் தொங்கினாலோ, நாய் சொன்னதைக் கேட்காமல் மயங்கி நின்றாலோ வெப்பத்தாக்கு. வெப்பமானி இருந்தால் குதவழியில் பார்க்கலாம். இயல்பு 38-க்கும் 39.2 பாகைக்கும் இடையில். 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும்.

முதலில் குளிரவைத்தல், பிறகு வண்டி. இந்த வரிசை மாறக் கூடாது. குழாய்த் தண்ணீரோ, இல்லாவிட்டால் கடல்நீரோ, உடல் முழுதும் ஊற்றிக்கொண்டே இருந்து, காற்று படும்படி வைக்க வேண்டும். நனைத்த துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். வெப்பம் 39.5 அளவுக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, குளிர்சாதனத்தை முழுதாக வைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் போக வேண்டும். சிறுநீரகக் கேடும் இரத்த உறைவுக் கேடும் மறுநாள்தான் தலைகாட்டும்.

மற்றபடி, 'இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறேன்' என்று பெட்ரோல் நிலையத்தில் வண்டிக்குள் நாயைப் பூட்டிவிட்டுப் போவதற்கு எந்த வைத்தியமும் இல்லை. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைப்பது பேருக்குத்தான்.

## கடற்கரையிலிருந்து திரும்பியபின் பேதியும் வாந்தியும்

பந்தைக் கவ்வக் கவ்வ உப்புநீர் வயிற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் தண்ணீராகப் பேதி போனால், அதுவே காரணம். நல்ல தண்ணீரைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுத்து, ஒரு வேளை உணவைக் குறைத்தால் மறுநாள் சரியாகிவிடும். ஒரே மூச்சில் வாளித் தண்ணீரைக் குடிக்கவிடுவது தவறு. இரத்தத்தில் உப்பு ஏறியிருக்கும்போது திடீரென இறக்கினால் மூளை வீங்கும். நடுக்கம், தடுமாற்றம், வலிப்பு இவற்றில் ஒன்று தெரிந்தால் வீட்டு வைத்தியம் முடிந்தது.

அடுத்துப் பார்க்க வேண்டியது முந்தைய வேளை உணவு. நம்மவர்கள் கட்டுச்சோறு இல்லாமல் பயணம் போவதில்லை. சாம்பாரில் கிடக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைக் கெடுப்பவை, பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழந்தைகள் மேசைக்கு அடியில் நீட்டியது என்ன என்று கடிந்துகொள்ளாமல் கேட்டால்தான் உண்மை வரும். திராட்சை என்றால் எத்தனை சிறிய அளவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பேதிக்கு மாறாக மலம் வராமல் முக்கி, வயிற்றைத் தொட்டால் முனகி, முன்னங்காலை நீட்டிப் பின்புறத்தை உயர்த்தி நின்றால், மணல் குடலில் அடைத்திருக்கலாம். ஈரப் பந்தில் ஒட்டிய மணலும், குழி தோண்டும்போது விழுங்கியதும் சேர்ந்து இறுகிவிடும். எக்ஸ்ரேயில் மணல் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் நீரேற்றிக் காத்திருந்தால் வெளியேறும், சில நாய்களுக்கு அறுவை தேவைப்படும்.

வாயோரத்தில் தூண்டில் நரம்பு தொங்கினால், இழுக்கவே கூடாது. முனையில் முள் தொண்டையிலோ இரைப்பையிலோ குத்திக்கொண்டிருக்கும். நரம்பை ஒட்ட வெட்டவும் கூடாது, வெட்டினால் அது உள்ளே போய்விடும்; கழுத்துப்பட்டையில் தளர்வாக முடிந்துவிட்டு அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். படகுத்துறைகளிலும் பாறைமுனைகளிலும் நாயைக் கயிற்றில் வைத்திருந்தால் இந்த அறிகுறியே வராது.

## வாயில் நுரை தள்ளுகிறது, முகத்தைக் காலால் தேய்க்கிறது

இரவு நேரம், குயின்ஸ்லாந்துக் கடலோரம் அல்லது நியூ சவுத் வேல்ஸின் வடகோடி என்றால், முதல் ஐயம் கேன் டோட் என்னும் தேரை. கரும்பைத் தின்னும் வண்டை ஒழிக்க 1935-இல் கொண்டுவரப்பட்ட இது, வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒழித்துக்கொண்டிருக்கிறது. ஈறு பளீரெனச் சிவந்திருக்கும். ஈரத்துணியால் ஈறு, பல், நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் ஆகியவற்றைத் துடைத்து, துணியை அலசி, மீண்டும் துடைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் தொடர வேண்டும். குழாயைத் தொண்டைக்குள் பீய்ச்சக் கூடாது. நடுக்கம், வலிப்பு, தள்ளாட்டம் எது வந்தாலும் மருத்துவமனை.

பகலில், கடற்கரையில், காற்று கரையை நோக்கி வீசிய நாளில் என்றால், ஜெல்லிமீன் போலக் கரையில் ஒதுங்கும், கொட்டும் இழைகள் கொண்ட நீல நிறப் புளூபாட்டில்களைத் தேடவும். மூக்கிலும் வாயிலும் ஒட்டிய இழைகளைக் குச்சியால் அகற்றிக் கடல்நீரால் கழுவ வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ காத்திருக்கலாகாது.

இவை இரண்டும் இல்லாமல், அரசு வனத்திலோ பண்ணை ஓரத்திலோ நடந்த சில மணி நேரத்துக்குள் நாய் வெறிபிடித்தாற்போல் ஓடி, குரைத்து, வலிப்பு கண்டால் 1080 என்னும் நஞ்சு. நரிகளையும் காட்டு நாய்களையும் கொல்ல இறைச்சியில் வைத்துப் புதைக்கப்படுவது இது; முறிவு மருந்து இல்லாதது. நுழைவாயிலில் எச்சரிக்கைப் பலகை இருக்கும். பலகையைக் கண்டால் 'கயிற்றில்தானே பிடித்திருக்கிறோம்' என்று நுழையாமல் திரும்பிவிடுவதே என் வழக்கம். தின்றதாக ஐயம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவரை அழைத்து, வாந்தி எடுக்க வைப்பதா என்று அவரையே கேட்க வேண்டும்.

## நொண்டுகிறது, பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது

நான்கு பாதமும் ஒருசேர நோகின்றன என்றால் சூடு. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்திருக்க முடியாவிட்டால் அதில் நாயை நடத்தக் கூடாது. உலர்ந்த மணலும் அப்படியே. குளிர்ந்த நீரில் நனைத்து, நடையை நிறுத்தினால் லேசான சூடு ஆறிவிடும். தோல் உரிந்து கொப்பளித்திருந்தால் கட்டுப்போட மருத்துவர் தேவை.

ஒரு பாதம் மட்டும் என்றால் விரலிடுக்கை விரித்துப் பார்க்கவும். பாறைகளில் சிப்பி கிழித்த காயமாக இருக்கலாம். நல்ல நீரில் கழுவி, ஆழமாக இல்லையென்றால் உலரவிடலாம். காயம் இல்லாமல் சிறு வீக்கமும் அதில் ஒரு துளையும் இருந்தால் புல்விதை. வசந்தம் முடிந்து புல் காய்ந்ததும் அதன் கூரிய விதைகள் முடியில் ஒட்டி, தோலைத் துளைத்து, முன்னோக்கி மட்டுமே நகர்ந்து உள்ளே போய்விடும். முனை வெளியே தெரிந்தால் இடுக்கியால் எடுக்கலாம். தெரியாவிட்டால் தோண்டக் கூடாது. அதே விதை காதுக்குள் போனால் நாய் தலையைத் திடீரென ஒரு பக்கமாகச் சாய்த்து உதறும். நீந்திய ஓரிரு நாள் கழித்து மெல்லத் தொடங்கும் உதறலும் துர்நாற்றமும் காதுத் தொற்று. இரண்டுக்கும் மருத்துவர்தான், ஆனால் அவசரம் இல்லை. அடுத்த நாள் காலை போதும்.

## வால் தொங்கிவிட்டது

நெடுநேரம் குளிர்ந்த நீரில் நீந்திய லாப்ரடார் வகை நாய்களுக்கு வாலடித் தசை பிடித்துக்கொள்ளும். சில இன்ச் நேராக நீண்டு பிறகு தொங்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் சில நாள் ஓய்வில் தானே நிமிரும். வலி மிகுந்தால் நாய்களுக்கான வலிநிவாரணி கேட்டு வாங்கலாம்.

## நாய் நலம், ஆனால் உள்ளே விட மறுக்கிறார்கள்

கடற்கரையில் என்றால் பெரும்பாலும் நேரம்தான் காரணம். ஒவ்வொரு கவுன்சிலும் தன் கடற்கரைக்குத் தனி விதி வைத்திருக்கும். கோடையில் பகல் முழுதும் தடை, விடியலிலும் மாலையிலும் அனுமதி என்பது பல ஊர்களின் வழக்கம். பலகையில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கத்துக்கு எந்த விதி என்பதைக் காட்டும். எதிர்த்திசையில் முந்நூறு மீட்டர் நடந்தால் அனுமதி உள்ள பகுதி தொடங்கிவிடுவதும் உண்டு.

நேரம் சரியாக இருந்தும் கயிறு கட்டி வேலி போட்டிருந்தால், ஹூடட் புளோவர் என்னும் சிறு பறவை மணலில் முட்டையிட்டிருக்கிறது. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை அதன் இனப்பெருக்கக் காலம். நம் கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. வார்னம்பூலுக்கு அருகே மிடில் தீவில் பெங்குவின்களை நரியிடமிருந்து காக்க 2006-இல் மரெம்மா இன நாய்களையே காவல் வைக்கத் தொடங்கினார்கள். அந்தக் காவலர்களின் செல்வாக்கில் நம் நாய்க்கு நுழைவு கிடைக்காது.

தேசியப் பூங்கா என்றால் வாதாடிப் பயனில்லை. நியூ சவுத் வேல்ஸின் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில், பார்வையற்றோருக்கு வழிகாட்டுவது போன்ற உதவி நாய்களைத் தவிர, எந்த நாய்க்கும் இடமில்லை. வண்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்பதும் பொதுவாக ஏற்கப்படாது. ஜெர்விஸ் பே அருகே பூடரீ, விக்டோரியாவில் வில்சன்ஸ் புரமண்டரி இரண்டும் அப்படியே. டுவெல்வ் அப்போஸ்தல்ஸ் பார்வைமேடைகளுக்கும் நாயைக் கொண்டுபோக முடியாது. வீட்டார் இரண்டு அணியாகப் பிரிந்து, ஓர் அணி நாயோடு வெளியே இருந்து, மாறி மாறிப் பார்த்துவருவதே நடைமுறை. மாற்று வேண்டுமானால் நியூ சவுத் வேல்ஸின் அரசு வனங்களில் பலவற்றில் நாய்க்கு அனுமதி உண்டு, மேலே சொன்ன 1080 பலகையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவு வைக்கும் தவறுகள் தீவுகளில் நேர்கின்றன. முன்பு ஃபிரேசர் தீவு எனப்பட்ட கரீ தீவில், டிங்கோ என்னும் ஆஸ்திரேலியக் காட்டு நாய்களைக் காப்பதற்காக வீட்டு நாய்களுக்கு முழுத் தடை. படகுச்சீட்டு, தங்குமிடம் எல்லாம் வாங்கிய பிறகு தெரிந்துகொண்டால் பணம் போயிற்று. டாஸ்மேனியாவுக்குக் கப்பலில் போகும் நாய்க்கு, நுழைவதற்கு முந்தைய 14 நாளுக்குள் ஹைடாடிட் நாடாப்புழு மருந்து கொடுத்ததற்கான சான்று வேண்டும். கப்பல் இப்போது ஜீலாங்கிலிருந்து புறப்படுகிறது. பழைய நினைவில் போர்ட் மெல்பர்னுக்குப் போய்விட வேண்டாம்.

கிளாட்ஸ்டனுக்கு வடக்கே போகிறவர்கள் தடைப்பலகை இல்லாத இடத்திலும் நாயைத் தண்ணீருக்குள் விடக் கூடாது. அங்கிருந்து முதலைகளின் நாடு தொடங்குகிறது. ஆற்று முகத்துவாரம், படகு இறக்கும் சரிவு, மீன் கழுவும் மேசை ஆகியவற்றின் அருகே கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, நீர் விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

## நாயைக் காணவில்லை

முதல் அரை மணி நேரம் கடைசியாக நாய் நின்ற இடத்தை விட்டு நகர வேண்டாம்; ஒருவர் அங்கேயே இருக்க, மற்றவர்கள் வந்த வழியில் திரும்பி நடக்க வேண்டும். பழகாத ஊரில் நாய் தங்குமிடத்தைத் தேடுவதைவிட வண்டியைத் தேடுவதே மிகுதி, ஆகவே வண்டியின் பின்கதவைத் திறந்து அதன் படுக்கையை விரித்து வைக்கவும்.

கிடைக்காவிட்டால் அந்த ஊர்க் கவுன்சிலின் ரேஞ்சரையும், அருகிலுள்ள எல்லா விலங்கு மருத்துவமனைகளையும் அழைக்க வேண்டும். கண்டெடுத்தவர்கள் நாயை மைக்ரோசிப் பார்க்க அங்கேதான் கொண்டுபோவார்கள். எல்லை தாண்டியிருந்தால் அடுத்த கவுன்சிலையும் சேர்த்து அழைக்கவும். நாடு முழுதுக்கும் ஒரே சிப் பதிவேடு இல்லை என்பதால், சிப் எண்ணையும் அது எந்தப் பதிவேட்டில் உள்ளது என்பதையும் கைபேசியில் வைத்திருந்து இருவருக்கும் சொல்லிவிட வேண்டும். பதிவேட்டில் பழைய எண் இருந்தால் அங்கேயே நின்று இணையத்தில் மாற்றிவிடலாம். விக்டோரியாவில் பிடிபட்ட நாயைக் காப்பகம் 8 நாள் வைத்திருக்கும். அதற்குள் தொலைபேசியில் கேட்டு 'இல்லை' என்ற பதிலை நம்பாமல் நேரில் போய் ஒவ்வொரு கூண்டாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் நாம் 'மண்ணிறம்' என்று சொன்ன நாயை அவர்கள் 'சிவப்பு' என்று எழுதி வைத்திருப்பார்கள்.